ராஜினாமாவா, வேலைநீக்கமா? ஐ.டி. ஊழியர்களின் கேள்விகளும் பதில்களும்

2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அதிலிருந்து மற்ற நிறுவனங்களில் இருப்பவர்களும் எங்களுக்கு எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். பெயரையும் நிறுவனத்தையும் நீக்கிவிட்டு, பலருக்கும் பொருந்தும் கடிதங்களை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். தமிழ்நாட்டில் இயங்கும் தனியார் நிறுவனங்களுக்கான பதில்கள் இவை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டதால், வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய குறிப்புகளைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

கேள்வி: எட்டு ஆண்டு சர்வீஸ். போன வாரம் எச்.ஆர். திடீரென மீட்டிங் வைத்து, "இன்று மாலைக்குள் போர்ட்டலில் ராஜினாமா போடுங்கள், இரண்டு மாதச் சம்பளம் தருகிறோம். போடாவிட்டால் டெர்மினேஷன்தான், பிறகு எங்கேயும் வேலை கிடைக்காது" என்றார்கள். திங்கட்கிழமை வரை அவகாசம் கேட்டிருக்கிறேன். என்ன செய்வது? (சோழிங்கநல்லூர்)

அவகாசம் கேட்டது மிகச் சரி. மாலைக்குள் முடிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ராஜினாமா என்பது உங்கள் விருப்பத்தில் நடந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதற்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. நிறுவனம் காரணம் சொல்ல வேண்டியதில்லை, அரசுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டியதும் இல்லை. நிறுவனமே நீக்கினால் இவை எல்லாம் அதன் தலையில் விழும். மிரட்டலின் அடியில் இருக்கும் கணக்கு இதுதான்.

இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எச்.ஆருக்கும் மேனேஜருக்கும் போகட்டும், உங்கள் சொந்த முகவரிக்கும் ஒரு நகல் போகட்டும். நான்கு வரி போதும்: இந்தத் தேதியில், இத்தனை மணிக்கு, இன்னின்னார் இருந்த கூட்டத்தில் என்னை ராஜினாமா செய்யச் சொன்னார்கள். எனக்கு ராஜினாமா செய்யும் விருப்பம் இல்லை. நிறுவனம் என்னை நீக்க முடிவெடுத்திருந்தால் காரணத்தோடு எழுத்துப்பூர்வ உத்தரவு தரவும். அதுவரை நான் வேலைக்கு வரத் தயார். கோபம் வேண்டாம், குற்றச்சாட்டு வேண்டாம், நன்றியும் வேண்டாம். பின்னாளில் அதிகாரி முன்னால் வைக்கப்போகும் முதல் தாள் இது.

அடுத்து கணக்கு. ஆட்குறைப்பு இழப்பீடு என்பது முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம். ஆறு மாதத்துக்கு மேல் போன பகுதியும் ஓர் ஆண்டாகக் கணக்கில் சேரும். ஊதியம் என்றால் சி.டி.சி. (நிறுவனம் உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகை) அல்ல. வீட்டு வாடகைப்படி போன்றவற்றைக் கழிக்கலாம், ஆனால் கழிக்கும் தொகை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி திரும்ப ஊதியத்தில் சேர்ந்துவிடும். மாதம் மொத்தம் 1,20,000 ரூபாய், பேசிக் 50,000 என்று வைத்துக்கொள்வோம். மற்றவை எல்லாம் கழிக்கத்தக்க படிகளாகவே இருந்தாலும் ஊதியம் 60,000-க்குக் குறையாது. 15 நாளுக்கு 30,000, எட்டு ஆண்டுக்கு 2,40,000. நோட்டீஸ் சட்டப்படி ஒரு மாதம். உங்கள் ஆஃபர் லெட்டரில் மூன்று மாதம் என்றிருந்தால் அதைக் கேட்கலாம். முழுச் சம்பளத்தில் அது 3,60,000. இரண்டையும் சேர்த்தால் 6 லட்சம். அவர்கள் தருவதாகச் சொல்வது 2,40,000. கிராஜுவிட்டி (பணிக்கொடை) எந்த வழியில் வெளியேறினாலும் உண்டு என்பதால், அதையும் சேர்த்துக் காட்டி "பெரிய பேக்கேஜ்" என்று யாராவது சொன்னால் தனியே பிரித்துவிட்டுப் பாருங்கள்.

வரியிலும் வித்தியாசம் உண்டு. சட்டப்படியான ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு, சட்டம் சொல்லும் வரம்புக்குள் 5 லட்சம் வரை வருமான வரி விலக்கு இருக்கிறது. ராஜினாமாவுக்குப் பரிசாக வரும் தொகை சம்பளம் போலவே வரிக்கு உட்படும்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் ராஜினாமாவே மேல் என்று சிலருக்கு வரலாம். இரண்டே ஆண்டு சர்வீஸ் உள்ளவருக்கு மூன்று மாதச் சம்பளமும் உடனே ரிலீவிங் லெட்டரும் (பணிவிடுவிப்புக் கடிதம்) தருகிறார்கள் என்றால், வழக்குக்குப் போய் அவர் பெறுவதைவிட அது கூடுதலாக இருக்கக்கூடும். அப்படி முடிவெடுத்தால் தொகை, தேதி, ரிலீவிங் லெட்டரின் வாசகம், நோட்டீஸ் பிடித்தம் இல்லை என்ற உறுதி ஆகிய நான்கும் மின்னஞ்சலில் வந்த பிறகே போர்ட்டலைத் தொடுங்கள். "சொந்தக் காரணம்" என்ற தேர்வை அழுத்தாதீர்கள். வேறு தேர்வே இல்லையென்றால் குறிப்புப் பெட்டியில் "நிர்வாகம் கேட்டுக்கொண்டதன் பேரில்" என்று எழுதுங்கள்.

ஏற்கெனவே பயந்து அழுத்திவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. வருங்காலத் தேதியிட்ட ராஜினாமாவை அந்தத் தேதி வருவதற்குள் திரும்பப் பெறலாம் என்பது பொதுவான சட்ட நிலை. பணி விதிகளில் வேறு மாதிரி இருந்தால் மட்டுமே சிக்கல். இரண்டு மூன்று நாளுக்குள், கட்டாயப்படுத்தப்பட்டதைச் சொல்லி எழுத்தில் திரும்பப் பெறுங்கள். மாதக்கணக்கில் காத்திருந்து, பணத்தையும் வாங்கிக்கொண்ட பிறகு சொன்னால் நம்ப வைப்பது கடினம்.

கூட்டத்தைப் போனில் பதிவு செய்திருந்தால் அந்த போனையே பத்திரமாக வைத்திருங்கள், விற்காதீர்கள். பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும். மூலக் கருவி கையில் இருந்தால் வேலை எளிது.

கேள்வி: 60 நாள் பி.ஐ.பி.யில் (செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம்) போட்டுவிட்டார்கள். இதிலிருந்து யாராவது மீண்டு வருகிறார்களா, அல்லது வெளியே அனுப்ப ஒரு சடங்கா? (பெருங்குடி)

இரண்டும் நடக்கிறது. உங்களுடையது எது என்பதை அந்தத் தாளிலேயே ஓரளவு படித்துவிடலாம். "வாரத்துக்கு இத்தனை டிக்கெட் (தீர்க்க வேண்டிய கோரிக்கை), இத்தனை மணி நேரத்துக்குள், மறுபடி திறக்கப்படுபவை இத்தனை சதவீதத்துக்குள்" என்று எண்ணிப் பார்க்கும்படி இருந்தால் மீள வழி இருக்கிறது. "முன்முயற்சி போதாது, கிளையண்ட் பாராட்டு வேண்டும், பொறுப்புணர்வு வளர வேண்டும்" என்று இருந்தால் 60-ஆம் நாள் எதை வைத்து அளப்பார்கள்? அளக்க முடியாத இலக்கில் தோற்றதாகச் சொல்வது யாருக்கும் எளிது.

அதனால் முதல் வாரமே எழுதிக் கேளுங்கள்: ஒவ்வொரு இலக்குக்கும் எண் என்ன, யார் அளப்பது, தேவையான அனுமதிகளும் பயிற்சியும் எப்போது கிடைக்கும்? பதில் வராவிட்டால் அதுவும் பதிவுதான். வாராந்திர ஆய்வு நடந்த அன்று மாலையே, பேசியதைச் சுருக்கி மேனேஜருக்கு அனுப்புங்கள். ஆய்வை அவர் ஒத்திப்போட்டால் "இந்த வார ஆய்வு நடக்கவில்லை" என்று ஒரு வரி. பி.ஐ.பி. ஆவணத்தில் கையெழுத்துக் கேட்டால் "பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். போர்ட்டலில் "ஏற்கிறேன்" பொத்தான் மட்டும் இருந்தால், அழுத்திய கையோடு இதே வாசகத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டுகள், படிவம் 16, முந்தைய ஆண்டுகளின் அப்ரைசல் கடிதங்கள், பதவி உயர்வு ஆணைகள் ஆகியவற்றை இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் முடிவைச் சொன்ன அன்றே லாகின் போய்விடும். ஆனால் கிளையண்ட் மின்னஞ்சல், கோடு (மென்பொருள் நிரல்), திட்ட ஆவணம் எதையும் சொந்த முகவரிக்கு அனுப்பாதீர்கள். நன்றாக வேலை செய்ததற்குச் சான்று என்று நினைத்து அனுப்புகிறார்கள். தகவல் பாதுகாப்பு மீறல் என்ற குற்றச்சாட்டு நிறுவனத்துக்கு இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. நல்ல வழக்குகள் அடியோடு பலவீனமாவது இந்த ஒரு தவறால்தான்.

பி.ஐ.பி. தோற்றுவிட்டது என்று நீக்கினாலும் உரிமை போய்விடுவதில்லை. தண்டனையாக அல்லாமல் வேறு எந்தக் காரணத்துக்காகத் தொழிலாளியை நீக்கினாலும் அது ஆட்குறைப்பே. திறன் போதாது என்பதும் அதில் அடங்கும். அப்படியானால் நோட்டீஸும் இழப்பீடும் தர வேண்டும். இல்லை, ஒழுங்கீனத்துக்காக நீக்கினோம் என்றால் குற்றப்பத்திரிகை கொடுத்து உள்விசாரணை நடத்தியிருக்க வேண்டும். நீக்க உத்தரவில் என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: ஐ.டி.க்குத் தொழிலாளர் சட்டமே பொருந்தாது, அதுவும் சம்பளம் அதிகம் வாங்குபவர்களுக்குக் கிடையவே கிடையாது என்று நண்பர்கள் சொல்கிறார்களே? (சிறுசேரி)

பொருந்தும். தொழில் தகராறுச் சட்டம் ஐ.டி. நிறுவனங்களுக்கும் பொருந்தும், ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது தொழில் உறவுகள் தொகுப்பு, 2020 இருக்கிறது.

சம்பளம் எவ்வளவு என்பது முதல் கேள்வியே அல்ல. நீங்கள் அன்றாடம் செய்யும் வேலை என்ன என்பதுதான் கேள்வி. கோடு எழுதுவது, டெஸ்டிங், சப்போர்ட் எல்லாம் தொழில்நுட்ப வேலை. அதைச் செய்பவர் எவ்வளவு வாங்கினாலும் தொழிலாளியே. மேற்பார்வை வேலை என்றால் மாத ஊதியம் 18,000 ரூபாயைத் தாண்டும்போது வெளியே போய்விடுவார். பழைய சட்டத்தில் இது 10,000. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் தொழிலாளி ஆக மாட்டார். விசிட்டிங் கார்டில் "மேனேஜர்" என்று இருப்பது மட்டும் போதாது. லீவு அனுமதிப்பதா, ஆள் எடுப்பதா, நீக்குவதா, இதில் எந்த அதிகாரம் உண்மையில் உங்களிடம் இருந்தது என்றே பார்ப்பார்கள்.

சென்னையில் 2015-இல் டி.சி.எஸ். நீக்கிய ஒருவர் விஷயத்தில் இந்தக் கேள்விதான் எழுந்தது. அவர் மேனேஜர், தொழிலாளி அல்ல என்றது நிறுவனம். 2022-இல் சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம் அவரைச் சம்பளத்துடன் மீண்டும் வேலையில் சேர்க்க உத்தரவிட்டது. ஆண்டுகளைக் கவனியுங்கள்: ஏழு ஆண்டு போராட்டம் அது. வழக்குக்குப் போகிறவர், வேறு வேலையும் தேடிக்கொண்டே போக வேண்டும்.

மனு கொடுக்க வேண்டியது தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம். வேலை செய்த அலுவலகம் எந்த மாவட்டம் என்று பாருங்கள். சோழிங்கநல்லூர் சென்னை மாவட்டம், உங்கள் சிறுசேரி செங்கல்பட்டு. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. நியமன ஆணை, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, நீக்க உத்தரவு அல்லது அந்த மின்னஞ்சல், அன்றாட வேலையை விவரிக்கும் ஒரு பக்கம் ஆகியவற்றை இணையுங்கள். அந்த ஒரு பக்கத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் நீங்கள் தொழிலாளியா இல்லையா என்பது அதில்தான் இருக்கிறது. புதிய தொகுப்பில் காலக்கெடு இரண்டு ஆண்டு. பழைய சட்டத்தில் மூன்றாக இருந்தது.

இதைத் தவிர, தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவில் மேல்முறையீடு என்ற வழியும் உண்டு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்கக்கூடாது என்கிறது அந்தப் பிரிவு. ஆனால் உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் போக வேண்டும். துக்கத்திலேயே அந்த 30 நாளும் கரைந்துவிடுகிறது, ஆகவே குடும்பத்தினர் யாராவது தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இத்தனை பேரை நீக்க அரசின் முன் அனுமதி வேண்டாமா? (மதுரை)

முன் அனுமதி தேவைப்படுவது தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகிய மூன்றுக்குத்தான். அங்கும் இப்போது 300 தொழிலாளர்கள் இருந்தால்தான், முன்பு 100. ஐ.டி. நிறுவனம் அனுமதி கேட்க வேண்டியதில்லை, ஆனால் அரசுக்கு அறிவிப்பு தர வேண்டும்.

கேள்வி: என் மகன் சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தில் 4 வருடம் 10 மாதம் வேலை பார்த்தான். ஐந்து வருடம் ஆகவில்லை, கிராஜுவிட்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். செட்டில்மென்ட்டும் 45 நாள் ஆகுமாம். இதெல்லாம் சரியா? (விருதுநகர்)

இரண்டும் சரியில்லை ஐயா. ஐந்தாவது ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது முழு ஆண்டாகவே கருதப்படும் என்று சென்னை உயர் நீதிமன்றமே ஏற்கெனவே தீர்ப்பளித்திருக்கிறது. வாரம் ஐந்து நாள் அலுவலகம் என்றால் 190 நாள் போதும். சம்பளத்தோடு எடுத்த விடுப்பும் அதில் சேரும். மகன் பத்து மாதம் வேலை செய்திருப்பதால் தாண்டிவிடுவார்.

கணக்கு இப்படி: கடைசி மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். ஊதியம் 40,000 என்றால் ஐந்து ஆண்டுக்கு 1,15,385 ரூபாய். 30 நாளுக்குள் தர வேண்டும், தாமதித்தால் வட்டி உண்டு.

கேட்டுத் தராவிட்டால் எங்கே போவது என்பதில்தான் பலர் அலைகிறார்கள். நிறுவனத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் கிளை இருந்தால், கிராஜுவிட்டி மத்திய அரசு அதிகாரியின் எல்லைக்குள் வரும். சென்னையில் அது ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் உள்ள மத்தியத் தொழிலாளர் ஆணையர் அலுவலகம். வேலைநீக்க வழக்கு மட்டும் மாநிலத் தொழிலாளர் துறைக்குப் போகும். இரண்டையும் ஒரே மனுவில் எழுதிக்கொண்டு போனால் இரண்டு இடத்திலும் திருப்பி அனுப்புவார்கள்.

செட்டில்மென்ட் விஷயம்: ஊதியத் தொகுப்புச் சட்டத்தின்படி, நீக்கினாலும் ராஜினாமா செய்தாலும் பாக்கி ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். 45 நாள் என்பது நிறுவனத்தின் பழக்கம், சட்டம் அல்ல. ஆட்குறைப்பு என்றால் இன்னொன்றும் கேளுங்கள்: மறுபயிற்சி நிதி என்ற பெயரில் நிறுவனம் 15 நாள் ஊதியத்துக்குச் சமமான தொகையைச் செலுத்த வேண்டும், அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்கு வர வேண்டும்.

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பமாக இருக்கிறேன். ரேட்டிங் குறைவு என்று ராஜினாமா கேட்கிறார்கள். (கோவை)

தயவுசெய்து ராஜினாமா மட்டும் செய்யாதீர்கள் அம்மா. பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால், கர்ப்ப காலத்தில் உங்களை நீக்கினாலும் பேறுகாலப் பலன் உங்களைவிட்டுப் போகாது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு அது 26 வார ஊதியம். பேறுகால விடுப்பில் இருக்கும்போது நீக்குவதே சட்டவிரோதம். ராஜினாமா செய்துவிட்டால் நிறுவனம் நீக்கவில்லை, நீங்களே போனீர்கள் என்றாகிவிடும்.

கர்ப்பத்தை எச்.ஆருக்கு இதுவரை எழுத்தில் சொல்லவில்லை என்றால் டாக்டர் சான்றிதழும் உத்தேச தேதியும் இணைத்து இன்றே அனுப்புங்கள். "எங்களுக்குத் தெரியாது" என்ற வாதம் அதோடு முடியும். மீறி நீக்கினால் 60 நாளுக்குள் உரிய அதிகாரியிடம் முறையிடலாம். 2015 ஜனவரியில் சென்னையில் டி.சி.எஸ். ஊழியரான ஒரு கர்ப்பிணியின் நீக்க உத்தரவுக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நிறுவனம் பிறகு அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

கேள்வி: நான் டீம் லீட். எட்டுப் பேரும் நன்றாகவே வேலை செய்கிறார்கள். ஒருவரையாவது கடைசி ரேட்டிங்கில் வை என்கிறார்கள். தேர்ந்தெடுத்த பிறகு, மூன்று மாதத்துக்கு முந்தைய தேதியில் ஃபீட்பேக் எழுதவும் சொல்கிறார்கள். (தரமணி)

முன்தேதியிட்ட ஃபீட்பேக் எழுதாதீர்கள். இதில் நடுவழி இல்லை. அந்த ஊழியர் தீர்ப்பாயத்துக்குப் போனால் நிறுவனத் தரப்புச் சாட்சியாகக் கூண்டில் நிற்கப்போவது நீங்கள். எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வி, "முந்தைய மூன்று ஆண்டும் நன்று என்று போட்டிருக்கிறீர்களே, மூன்றே மாதத்தில் என்ன ஆயிற்று?" என்பதாக இருக்கும். கோப்பு எப்போது உருவானது என்பதைக் கணினியே சொல்லிவிடும். எச்.ஆர். அன்று உங்களுக்காகப் பேசாது.

பெல் கர்வில், அதாவது மேலே இத்தனை பேர், கடைசியில் இத்தனை பேர் என்று முன்பே விகிதம் வகுத்து ஆட்களை அடுக்குவது, கடைசி அடுக்கை வெளியே தள்ளுவது என்பது ஜாக் வெல்ச் தலைமை வகித்த காலத்து அமெரிக்க நிறுவனமான ஜெனரல் எலக்ட்ரிக்கிலிருந்து பரவிய வழக்கம். எட்டுப் பேர் குழுவில் அதற்குப் புள்ளியியல் அடிப்படையே கிடையாது. ஒருவரோடு ஒருவர் ஒத்துழைப்பதை அது கெடுக்கிறது என்று கண்டு மைக்ரோசாஃப்ட் 2013-இல் இதைக் கைவிட்டது. உங்கள் மேலதிகாரிக்கு எட்டுப் பேரின் உண்மையான எண்களையும் அனுப்பி, "கடைசி இடத்துக்கான அடிப்படை என்ன என்று எழுத்தில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். கட்டாயப்படுத்தி வைக்கச் சொன்னால், அந்த முடிவு யாருடையது என்பது அந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கும். அந்த ஊழியரிடம் பொய்க் காரணம் சொல்லாதீர்கள். பலர் பல மாதங்கள் தூக்கமில்லாமல் தவிப்பது வேலை போனதற்காக மட்டும் அல்ல. தான் நிஜமாகவே லாயக்கற்றவனோ என்ற எண்ணத்தால். உங்கள் ஒரு நேர்மையான வாக்கியம் அவரை அதிலிருந்து காப்பாற்றும்.

கேள்வி: பெஞ்சில் (எந்தத் திட்டத்திலும் சேர்க்கப்படாமல்) இருக்கிறேன். ஐ.டி. கார்டும் வேலை செய்யவில்லை. இப்போது "அப்ஸ்காண்டிங்" (சொல்லாமல் வேலைக்கு வராமல் போனவர்) என்று மெயில் வந்திருக்கிறது. (தாம்பரம்)

இன்றே பதில் போடுங்கள். கார்டு எந்தத் தேதியிலிருந்து வேலை செய்யவில்லை, லாகின் எப்போது நின்றது, யாரிடம் சொன்னீர்கள் என்று எழுதி, "வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன், அனுமதி தாருங்கள்" என்று முடியுங்கள். மின்னஞ்சலோடு நிற்காமல் பதிவு அலுவலக முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட்டும் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நேரில் போய் கேட்டில் தடுக்கப்பட்டால் அன்றே அதையும் எழுதுங்கள். இந்த மெயிலுக்கு மௌனமாக இருப்பது மிக ஆபத்து. நீங்களே வேலையைக் கைவிட்டுப் போனதாக முடிவு கட்டிவிடுவார்கள், இழப்பீடும் ரிலீவிங் லெட்டரும் சேர்ந்து போகும்.

பெஞ்சில் இருப்பது திறமைக்குறைவுக்குச் சான்று அல்ல. ஆனால் நிறுவனங்கள் இப்போது அதற்கு நாள் கணக்கு வைத்துவிட்டன, டி.சி.எஸ். 2025 ஜூனில் கொண்டுவந்த விதிப்படி ஆண்டில் 225 நாள் பில்லபிளாக (கிளையண்டிடம் கட்டணம் வாங்கும் வேலையில்) இருக்க வேண்டும், பெஞ்ச் 35 நாளைத் தாண்டக்கூடாது. எனவே எந்தெந்தத் திட்டத்துக்கு விண்ணப்பித்தீர்கள், ஆர்.எம்.ஜி. (திட்டங்களுக்கு ஆள் ஒதுக்கும் பிரிவு) என்ன பதில் சொன்னது, எந்த நேர்காணலில் ஏன் எடுக்கவில்லை என்று தேதியோடு ஒரு பட்டியல் தயார் செய்யுங்கள். வாய்ப்பே தராமல் நீக்கினார்கள் என்று நிரூபிக்க வேறு வழி கிடையாது.

அடுத்த வேலைக்குப் போகும்போது ரெஸ்யூமேயில் தேதிகளை நீட்டாதீர்கள். யூ.ஏ.என். (பி.எஃப். அடையாள எண்) சர்வீஸ் விவரத்தில் சேர்ந்த, விலகிய தேதிகள் அப்படியே தெரியும்; பின்னணிச் சரிபார்ப்பில் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கேள்வி: கடைசி நாளுக்கு முன் இன்ஷூரன்ஸ், பி.எஃப். விஷயத்தில் என்ன பார்க்க வேண்டும்? (பல்லாவரம்)

குழு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும், பெற்றோருக்கும் சேர்த்து. அதற்குள் அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பியுங்கள். குழுக் காப்பீட்டில் கழித்த காலம், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்பில் வரவு வைக்கப்படும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள பெற்றோர் வீட்டில் இருந்தால் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.

பி.எஃப்.பில் விலகிய தேதியை நிறுவனம் பதிவு செய்ததா என்று பாருங்கள். செய்யாவிட்டால், கடைசிச் சந்தா கட்டிய இரண்டு மாதம் கழித்து நீங்களே தளத்தில் பதிவு செய்யலாம். பணத்தை எடுப்பதானால், 2025 அக்டோபரில் மத்திய அறங்காவலர் குழு எடுத்த முடிவின்படி, வேலை இழந்ததும் 75 சதவீதமும் மீதி 12 மாதம் கழித்தும் கிடைக்கும். ஐந்து ஆண்டு ஆகாத கணக்கில் எடுத்தால் வரி வரக்கூடும். பத்து ஆண்டு ஆகாத பென்ஷன் பகுதியை எடுக்காமல் ஸ்கீம் சான்றிதழாக வாங்கிக்கொண்டால் அடுத்த வேலையின் சர்வீஸோடு சேர்த்துக்கொள்ளலாம். வீட்டுக் கடன் இருக்கிறவர்கள் தவணை தவறிய பிறகு அல்ல, தவறுவதற்கு முன்பே வங்கிக்கு எழுதிக் காலநீட்டிப்புக் கேளுங்கள். தவறிய பிறகு கேட்டால் சிபில் மதிப்பெண் ஏற்கெனவே இறங்கியிருக்கும்.